பழைய தோல் தையல் யந்திரமும் பழுது பார்க்கும் கலையும்



தையல் யந்திரம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது, வீட்டின் ஒரு மூலையிலே மரமூடிக்குள் அடங்கியிருக்கும் துணி தைக்கும் யந்திரமே. அதே குடும்பத்திலே பிறந்து, வீட்டுக்குள் வராமல் தொழிற்கூடங்களிலும் தெருவோரங்களிலும் உழைத்துத் தேய்ந்த யந்திரம் மற்றொன்று உண்டு. அதுவே தோல் தைக்கும் யந்திரம். சப்பாத்தின் மேற்றோல் கிழிந்தாலும், பயணப் பையின் வார் அறுந்தாலும், அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்தது இதுவே. நூறாண்டு கடந்த அத்தகைய யந்திரமொன்று துருவேறிச் செயலிழந்து கிடப்பின், அதனை மீண்டும் உழைக்கச் செய்வது எங்ஙனம்? அவ்வாறு செய்யுங்கால் தவிர்க்க வேண்டியவை எவை? பழைய இரும்புக்காக ஒருவர் இத்துணை பாடுபடுவதன் பயன்தான் யாது? இவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

முதலிலே தோலின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். துணி என்பது நெய்யப்பட்டது. ஊசி அதனுள் நுழையும்போது இழைகள் விலகி வழி விடுகின்றன. ஊசி மீண்டதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. தோல் அவ்வாறன்று. அது நெய்யப்படாத நார்கள் ஒன்றோடொன்று செறிந்து பின்னிய பொருள். ஊசி அதனை வெட்டிக்கொண்டே செல்லுகின்றது. அவ்வாறு விழுந்த துளை மீண்டும் மூடுவதில்லை. ஆதலினாலேயே துணியூசியின் முனை உருண்டு கூராகவும், தோலூசியின் முனை சிறு கத்திபோல அலகுடையதாகவும் அமைக்கப்படுகின்றன. ஆதலினாலேயே தோலிலே தையல்களை மிக நெருக்கமாக இடுதலும் ஆகாது. அஞ்சல் முத்திரைத் தாளிலே துளைகள் நெருங்கி நிற்பதால் முத்திரையை எளிதிற் கிழித்தெடுக்கின்றோமல்லவா? நெருங்கத் தைத்த தோலும் அவ்வாறே தையலின் வழியே கிழியும். துணியிலே தவறான தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலிலோ ஒவ்வொரு தவறும் நிலையான வடுவாகும். இதனை மனத்திற் கொண்டால், தோல் தைக்கும் யந்திரம் வலிமையோடு துல்லியமும் உடையதாயிருத்தல் ஏன் இன்றியமையாதது என்பது விளங்கும்.

வியப்பான செய்தியொன்று. நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய தையல் யந்திரத் திட்டம் துணிக்காக எழுந்ததன்று, தோலுக்காகவே எழுந்தது. இலண்டனைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளர் தோமஸ் செயின்ற் என்பவர் 1790-ஆம் ஆண்டிலே சப்பாத்து முதலியவற்றைச் செய்யும் முறைகளுக்கென ஆக்கவுரிமை பெற்றார். அந்த ஆவணத்திலே யந்திரத்தின் வரைபடமும் இருந்தது. முதலிலே குத்தூசி தோலிலே துளையிடும். பின்னர் நூலேந்திய கோல் அத்துளையினுள் இறங்கிச் சங்கிலித் தையல் இடும். ஆயினும் பசை, மெருகெண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்து அவ்வாவணம் வைக்கப்பட்டமையால் எவர் கண்ணிலும் படாது கிடந்தது. 1870-ஆம் ஆண்டுகளிலே நியூற்றன் வில்சன் என்னும் தையல் யந்திர வணிகர் அதனைக் கண்டெடுத்து, வரைபடத்தைப் பின்பற்றி யந்திரமொன்றைச் செய்வித்தார். சில மாற்றங்களைச் செய்த பின்னரே அது தைத்தது. அந்த யந்திரம் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையைச் சேர்ந்துள்ளது.

இடைப்பட்ட காலத்திலே அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-ஆம் ஆண்டிலும், ஐசக் மெரிற் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் ஆக்கவுரிமை பெற்றுவிட்டனர். சிங்கரின் நிறுவனம் ஸ்கொத்லாந்திலே கிளைட்பாங் நகரின் கில்போவி என்னுமிடத்திலே பெருந்தொழிற்சாலையொன்றைக் கட்டத் தொடங்கியது 1882-இல். அது இயங்கத் தொடங்கியது 1885-இல். அங்கு செய்யப்பட்ட யந்திரங்களின் வகை எண்ணுக்குப் பின்னால் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். கில்போவி என்பதன் முதலெழுத்தே அது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ‘29கே’ என்னும் ஒட்டுத்தையல் யந்திரம் அத்தொழிற்சாலையிற் பிறந்ததாகும்.

இந்த யந்திரத்தின் அமைப்பு நம் சிந்தனைக்கு விருந்து. சாதாரண யந்திரத்திலே துணியைக் கீழிருந்து பற்கள் நகர்த்துகின்றன. தைப்பவர் துணியைத் திருப்பிக்கொள்ளுகின்றார். ஆனால் முழுமையாகச் செய்து முடிந்த சப்பாத்தின் நுனியிலே சிறு கிழிசல் இருந்தால், சப்பாத்தை அங்குமிங்கும் திருப்ப இடமேது? ஆகவே 29கே யந்திரத்தின் கீழ்க்கை சப்பாத்தின் உள்ளே நுழையத்தக்கவாறு நீண்டு ஒடுங்கியிருக்கின்றது. தோலை நகர்த்தும் வேலையை மேலே அமுக்கிப் பிடிக்கும் பாதமே செய்கின்றது. அந்தப் பாதமோ ஒரு முழு வட்டமாகச் சுழலவல்லது. எத்திசையிலே தைக்க வேண்டுமோ அத்திசைக்குப் பாதத்தைத் திருப்பினாற் போதும். சப்பாத்து திரும்ப இயலாத இடத்திலே யந்திரத்தின் பாதம் திரும்புகின்றது. தொழிலாளியின் இடர்ப்பாட்டை உணர்ந்த ஒருவருடைய மூளையிலன்றி வேறெங்கும் இத்தகைய அமைப்பு உதித்திருக்க முடியாது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. சப்பாத்தின் மேற்றோலைத் தைக்கவே இது பயன்படும். தடித்த அடித்தோலை இதிலே வைத்துத் தைக்க முயல்வோர் ஊசியையும் பற்சில்லுகளையும் இழப்பர்.

இனி, தையல் விழும் முறையைப் பார்ப்போம். ஊசி மேல்நூலைத் தோலினூடே கீழே கொண்டு செல்லும். அது தாழ்ந்த எல்லையை அடைந்து சற்றே மேலெழும்போது, நூல் தோலின் உராய்வினாலே பின்தங்கிச் சிறிய வளையமாக விரியும். அக்கணத்திலே கீழ்நூலைச் சுமந்த ஓடத்தின் கூர்முனை அவ்வளையத்தினுள் நுழைதல் வேண்டும். அவ்வாறு இரண்டு நூல்களும் கோத்துக்கொண்டு, தோலின் தடிப்புக்கு நடுவே முடிச்சுப்போல் அமையும். ஓடம் சிறிதளவு பிந்தினாலும் முந்தினாலும் வளையம் தப்பிவிடும், தையல் விழாது. கீழ்க்கையின் உள்ளே ஓடும் பற்கோலொன்றும், முனையிலுள்ள சிறிய பற்சில்லுமே ஓடத்தை அசைக்கின்றன. பல்லாண்டு உழைப்பினால் இப்பற்கள் தேயும்போது ஓடம் காலந் தவறுகின்றது. பாதத்தை நகர்த்தும் நெம்புகோல்கள் தேயும்போதோ தையலின் நீளம் குறைகின்றது. இவ்வகை யந்திரத்திற்கு வரும் முதுமைப் பிணிகளுள் இவ்விரண்டுமே தலையானவை.

எனினும், இயங்காத யந்திரமெல்லாம் தேய்ந்த யந்திரமன்று. பெரும்பான்மையானவை அழுக்கினாலும் இறுகிய எண்ணெயினாலுமே நின்றுபோனவை. வீட்டிலே கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயை யந்திரத்துக்கு இடும் பழக்கம் நம்மிடையே இருந்தது. தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளடைவிலே பிசுபிசுத்துப் பிசின்போல் இறுகும் இயல்பின. யந்திரத்தை வாழவைக்க இட்ட எண்ணெயே அதன் மூட்டுக்களைப் பூட்டிவிடுகின்றது. தையல் யந்திரத்துக்கெனத் தூய்மையாக்கப்பட்ட மெல்லிய கனிய எண்ணெயே தக்கது.

ஆகவே பழைய யந்திரத்தைக் கையேற்பவர் முதலிலே செய்யவேண்டியது, சக்கரத்தைச் சுற்றாதிருத்தலாகும். உடல் வார்ப்பிரும்பினாலானது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். இறுகிய யந்திரத்தை வலிந்து சுற்றுபவர் ஒரு நாளிலே தீரக்கூடிய குறையைத் தீராக் குறையாக்கிவிடுகின்றார். விளக்கை அருகே வைத்து எல்லாப் பக்கமும் நன்கு பாருங்கள். வெடிப்பு உண்டா? திருகாணி எதுவும் இல்லாதொழிந்ததா? முன்னொருவர் தவறாகப் பூட்டிய உறுப்பு எதுவுமுண்டா? ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படமெடுத்தோ வரைந்தோ வையுங்கள். அக்காலத்தவர் வரைந்து வைத்தனர். இன்று கைத்தொலைபேசி அவ்வேலையை நொடியிற் செய்துவிடும்.

அடுத்தது எண்ணெயும் பொறுமையும். உலோகம் உலோகத்தோடு உராயும் ஒவ்வோரிடத்திலும் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டு விட்டு, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மீண்டும் விடுங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். இறுகிய எண்ணெய் இளகத் தொடங்கியதும் யந்திரம் தானாகவே விடை கூறும். கழற்றிய இரும்புறுப்புக்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையாற் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுதல் வேண்டும். துருவை மெல்லிய உருக்குச் சுருளினால் எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்து நீக்கலாம். நூல் மேலிருந்து யந்திரத் தலையின் உள்ளாகச் சென்று ஊசிக்கு வருவதால், அவ்வழியையும் தூய்மையாக்குதல் வேண்டும். முனையிலே சிறு கொக்கியுள்ள கம்பியினால் நூலை அவ்வழியே இழுப்பது வழக்கம்.

திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துக. ஒல்லியான திருப்புளியை வைத்து முறுக்கினால் பிளவின் விளிம்பு சிதையும். பின்னர் எவராலும் அதனைக் கழற்றவியலாது. சிங்கர் நிறுவனம் தன் யந்திரங்களுக்கெனத் தனிப்பட்ட புரியளவுகளைக் கையாண்டது. ஆதலின் கடையில் வாங்கிய சாதாரணத் திருகாணி பெரும்பாலும் பொருந்தாது. வலிந்து செலுத்தினால் துளையின் புரியே கெடும். கழற்றிய திருகாணி ஒவ்வொன்றையும் அதனதன் இடம் குறித்துப் பத்திரப்படுத்துதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

யந்திரம் இலகுவாகச் சுழலத் தொடங்கியபின், புதிய தோலூசி பூட்டி, பயனற்ற தோற்றுண்டிலே தைத்துப் பாருங்கள். குறையைத் தேடும்போது எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்துக்குச் செல்லுதலே முறை. அடிப்பக்கத்தில் மேல்நூல் வளையமாகத் தொங்கினால் மேல்நூலின் இழுவிசை குறைவு என்க. மேற்பக்கத்திலே கீழ்நூல் தெரிந்தால் மேல்நூல் மிக இறுகியிருக்கின்றது, அல்லது கீழ்நூல் தளர்ந்திருக்கின்றது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலிலே ஊசியை ஐயுறுக. அது வளைந்ததா, முறைமாறிப் பூட்டப்பட்டதா, இந்த யந்திரத்துக்குரிய வகைதானா என்று பார்க்க. ஊசியிலே குற்றமில்லையாயின், சக்கரத்தை அசையாது பிடித்துக்கொண்டு, கீழ்க்கையின் முனையிலுள்ள ஓடந்தாங்கியை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது தாராளமாக ஆடினால் பற்கள் தேய்ந்துவிட்டன என்பது உறுதி. அப்போது பற்சில்லை மாற்றவே வேண்டும். தையலின் நீளம் குறைந்திருப்பின், தேய்ந்த நெம்புகோலுக்கு உலோகம் ஏற்றி, அரத்தினால் அராவிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகின்ற வேலையாட்களும் உளர். கில்போவித் தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது. எனினும் இவ்வகைக்குரிய உதிரியுறுப்புக்கள் சிலவற்றைப் பிறர் இன்றும் செய்து விற்கின்றனர்.

இவ்வளவும் பழுது பார்த்தலைச் சார்ந்தன. இனி, புதுப்பித்தல் என்று கூறப்படுவதைப் பார்ப்போம். இங்கேதான் ஆர்வமுடையோர் பலர் வழி தவறுகின்றனர். பழைய யந்திரம் கிடைத்ததும் அதன் கருநிற இனாமலைச் சுரண்டியெறிந்து, புதிய வர்ணம் தீட்டிப் பளபளக்கச் செய்துவிட வேண்டுமென அவர் துடிக்கின்றனர். பொன்னிற எழுத்தும் பூவேலையும் மெல்லிய மெருகின் கீழே பொதிந்திருக்கின்றன. மதுசாரம் கலந்த திரவத்தினால் துடைத்தால் மெருகு கரைந்து, பொன்னெழுத்தும் உடன் போய்விடும். யந்திர எண்ணெய் தோய்த்த மென்துணியே அவ்விடத்துக்குப் போதுமானது. கை ஓயாது பட்ட இடத்திலே பொன்னிறம் தேய்ந்திருக்கும். அதனைக் குறையெனக் கருதுதல் வேண்டா. பெயர் அறியாத ஒரு தொழிலாளி அங்கே கையூன்றி நெடுங்காலம் உழைத்தார் என்பதற்கு வேறெங்கும் எழுதப்படாத சான்று அது. உடலிலே பொறித்த தொடரெண் யந்திரம் பிறந்த காலத்தை அறிய உதவுவது. அதனையும் வர்ணத்தினால் மறைத்தல் ஆகாது.

உராய்ந்து உழைக்கும் உறுப்பு தேய்ந்தால் மாற்றுக; சான்றாக நிற்கும் பகுதியைத் தொடாது விடுக. மாற்றிய பழைய உறுப்பையும் வீசிவிடாது, சிறு பையிலிட்டு யந்திரத்தோடேயே வைத்திருங்கள். பின்னால் வருபவர் அதனை அளந்து புதியதொன்றைச் செய்யக்கூடும். மீட்க முடியாத எச்செயலையும் இருமுறை எண்ணியே செய்தல் வேண்டும்.

இத்தனை பாடுபடுவதிலும் பார்க்கப் புதிய யந்திரமொன்றை வாங்கிவிடலாமே என்று நேயர்களுட் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. முதுகெலும்பு போன்ற வார்ப்பு வெடித்த யந்திரத்தை உயிர்ப்பிக்க முயலுதல் வீண் செலவு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பைகளைத் தைக்கும் தொழிற்கூடத்துக்குக் கையாற் சுற்றும் யந்திரம் பொருந்தாது. ஆயினும் நாளொன்றிலே பத்துப் பன்னிரண்டு ஒட்டுக்களைத் தைத்துச் சீவிப்பவருக்கு, மின்சாரம் வேண்டாததும் தாமே திருத்திக்கொள்ளக் கூடியதுமான யந்திரத்திலும் உற்ற துணை வேறில்லை.

‘தாமே திருத்திக்கொள்ளக் கூடியது’ என்பதிலேதான் இப்பேச்சின் உயிர் இருக்கின்றது. இதற்கு மாறான ஒரு வரலாற்றையும் கேளுங்கள். அமெரிக்காவிலே 1899-ஆம் ஆண்டில் யுனைற்றெட் சூ மெஷினறி என்னும் பெருநிறுவனம் அமைந்தது. சப்பாத்துத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய முக்கிய யந்திரங்களை அது விற்கவில்லை, குத்தகைக்கே கொடுத்தது. பழுது பார்த்தலுக்குத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை. நிறுவனத்தின் ஆட்களே வந்து திருத்தினர். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். விளைவு யாது? வெளியாட்கள் எவரும் பழுது பார்க்கும் தொழிலை நடத்தித் தழைக்க இடமேயில்லாது போயிற்று. 1953-ஆம் ஆண்டிலே மசாசூசெற்சிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வைசான்ஸ்கி இந்நிறுவனத்தின் குத்தகை முறை தனியுரிமைத் தடைச் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தபோது இவ்விளைவையும் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டிலே உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. திருத்தும் அறிவு ஒருவரிடமே தங்கிவிட்டால், யந்திரத்தோடு நம் சுதந்திரமும் அவரிடமே தங்கிவிடுகின்றது. இன்று கைத்தொலைபேசியையும் சலவை யந்திரத்தையும் குறித்து உலகம் இதே வழக்கைத்தான் பேசுகின்றது. 2024-ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் பழுது பார்த்தலை வளர்ப்பதற்கெனத் தனிப் பணிப்புரை ஒன்றை வெளியிட்டமை இதற்குச் சான்று.

நம் நாட்டுக்கு வருவோம். சிங்கர் நிறுவனம் இலங்கையிலே வணிகம் தொடங்கிய ஆண்டு 1877. தையல் யந்திரம் நமக்கு மிகப் பழைய உறவு. துணி தைக்கும் யந்திரத்தைச் சீதனப் பொருளாகவே போற்றினோம். தோல் தைப்பவரை எவ்வாறு போற்றினோம்? அவர் தைத்த செருப்பை விரும்பி அணிந்த சமூகம், தோலைத் தொட்ட அவருடைய கையை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. இதனைச் சொல்ல நாணுகின்றோம். சொல்லாதிருத்தல் அதனினும் நாணத்தக்கது. அக்கை அறிந்திருந்தவை எளிய விடயங்களா? தோலின் இயல்பு, நூலின் இழுவிசை, ஊசியின் காலக்கணக்கு, தேய்ந்த பல்லின் ஓசை ஆகிய யாவும் அதற்குத் தெரியும். ஏட்டிலே படித்தால் பௌதிகம் என்கின்றோம். தெருவோரத்திலே கண்டால் கூலிவேலை என்கின்றோம். இந்த வேறுபாடு நம் பார்வையிலே உள்ளதேயன்றி அறிவிலே உள்ளதன்று.

பாடசாலையிலே நெம்புகோலையும் பற்சில்லையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோம். பிள்ளைகள் மனனம் செய்து புள்ளி பெறுகின்றனர். பழைய தையல் யந்திரமொன்றை மேசைமீது வைத்து, நான்கு பிள்ளைகளிடம் ஒரு திருப்புளியையும் எண்ணெய்க் குப்பியையும் கொடுத்து, ஊரிலே அத்தொழில் அறிந்த பெரியவரை ஆசிரியராக அழைத்து அமர்த்திப் பாருங்கள். காரணத்தைத் தேடும் முறை, பொறுத்திருக்கும் பழக்கம், பிறர் உழைப்பை மதிக்கும் பண்பு ஆகிய மூன்றையும் அப்பிள்ளைகள் ஒரு தவணையிற் கற்றுக்கொள்வர். அந்தப் பெரியவரும், தம் கையிலுள்ள வித்தை தம்மோடு மறைந்துவிடாது என்னும் ஆறுதலைப் பெறுவார். இவ்வித்தை அறிந்தோர் ஊருக்கு ஒருவராகக் குறைந்துவரும் இக்காலத்திலே, இதனை நாளைக்கு என ஒத்திவைத்தல் தகாது.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊரிலே எவருடைய கொட்டிலிலாவது அத்தகைய கரிய யந்திரமொன்று தூசி படிந்து கிடந்தால், பழைய இரும்பு வாங்குபவருக்கு எடைபோட்டுக் கொடுக்குமுன் ஒருநாள் பொறுத்திருங்கள். மூட்டுக்களிலே நல்ல எண்ணெயை விட்டு வையுங்கள். அத்தொழிலறிந்தவர் ஒருவரை அழைத்து வந்து, அருகிலே ஒரு நாற்காலி இட்டு அமரச் செய்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.